பேழை, பெட்டி, பத்தாயிரம் தாலந்து: வேதப்பாட ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்

ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறவர்கள் அனுப்பிய கேள்விகள் கொஞ்சம் சேர்ந்துவிட்டன. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: அடுத்த மாதத்திலிருந்து பத்து வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். 66 புத்தகங்களின் பெயரையும் வரிசையாக மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனாலும் பயமாக இருக்கிறது. ஒரு ஆசிரியைக்கு அடிப்படையாக வேறு என்ன தெரிந்திருக்க வேண்டும்? (புதிதாக வரும் ஆசிரியை)

பதில்: பெயர் வரிசை வீண்போகாது சகோதரி, பக்கம் புரட்ட உதவும். ஆனால் அந்த வரிசை நடந்த வரிசை இல்லை. அதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வேதாகமம் ஒரு சின்ன நூலகம் மாதிரி, புத்தகங்களை வகை பிரித்து அலமாரியில் அடுக்கியிருக்கிறார்கள்: ஆகமங்கள் ஒரு தட்டு, சரித்திரம் ஒரு தட்டு, பாட்டும் ஞானமும் ஒரு தட்டு, தீர்க்கதரிசனம் ஒரு தட்டு. பவுலின் நிருபங்கள்கூட எழுதிய வரிசையில் இல்லை. சபைகளுக்கு எழுதியவை முதலில், ஆட்களுக்கு எழுதியவை அடுத்து, இரண்டிலும் ஏறக்குறைய நீளமானது முன்னால், குட்டையானது பின்னால். ரோமர் முதலில் நிற்பதும் பிலேமோன் கடைசியில் நிற்பதும் அதனால்தான்.

அப்போ கதை எங்கே ஓடுகிறது? பழைய ஏற்பாட்டில் கதையை இழுத்துக்கொண்டு போகிறவை 11 புத்தகங்கள்தான்: ஆதியாகமம், யாத்திராகமம், எண்ணாகமம், யோசுவா, நியாயாதிபதிகள், சாமுவேல் இரண்டு, இராஜாக்கள் இரண்டு, எஸ்றா, நெகேமியா. புதிய ஏற்பாட்டில் லூக்காவையும் அப்போஸ்தலருடைய நடபடிகளையும் அடுத்தடுத்து வாசித்தால் போதும், இரண்டும் ஒரே ஆசிரியர் தெயோப்பிலுவுக்கு எழுதியவை. இந்த 13-ஐயும் ஒரு கொடி போலக் கட்டி வையுங்கள், மற்றதெல்லாம் அதில் வந்து தொங்கும். 51-ஆம் சங்கீதம் 2 சாமுவேல் 12-இல் தொங்கும், நாத்தான் தீர்க்கதரிசி வந்து தாவீதை முகத்துக்கு நேரே கேட்ட இடம். 137-ஆம் சங்கீதத்தின் அழுகை, எருசலேம் விழுந்த 2 இராஜாக்கள் 25-க்கு அப்புறம். பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தை அப்போஸ்தலர் 16-ஐ வாசித்துவிட்டு எடுங்கள்: லீதியாளும் சிறைச்சாலைக்காரனும் இருந்த ஊருக்குப் போன கடிதம் என்று தெரிந்ததும், அதே வரிகள் வேறு மாதிரிக் கேட்கும்.

தீர்க்கதரிசிகள்தான் நிறைய ஆசிரியர்களைக் குழப்புகிறார்கள். ஆண்டுகளில் மூன்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். சாலொமோன் இறந்தபின் ராஜ்யம் இரண்டானது, அது ஏறக்குறைய கி.மு. 930. வடக்கே இஸ்ரவேல், தெற்கே யூதா. கி.மு. 722 வாக்கில் வடக்கு அசீரியரிடம் விழுந்தது. கி.மு. 586-இல் எருசலேம் பாபிலோனிடம் விழுந்தது, ஆலயம் எரிந்தது. இப்போது ஆட்களை நிறுத்துங்கள். ஆமோசும் ஓசியாவும் வடக்கு விழுவதற்கு முன்னால் அங்கே நின்று கத்தியவர்கள். ஏசாயாவும் மீகாவும் அதே காலத்தில் தெற்கே. எரேமியா எருசலேம் விழுவதைக் கண்ணால் பார்த்தவர், எசேக்கியேலும் தானியேலும் பாபிலோனில் இருந்தவர்கள். பெர்சிய ராஜா கோரேஸ் திரும்பிப் போக அனுமதித்தபின், பாதியில் நின்ற ஆலய வேலையை மறுபடி தொடங்கச் சொல்லி விரட்டியவர்கள் ஆகாயும் சகரியாவும், கி.மு. 520. ஓசியாவை எடுத்தால் 'இது எந்த ராஜா காலம்?' என்று முதல் வசனத்தைப் பாருங்கள், அங்கேயே எழுதியிருக்கும். நாம்தான் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

அப்புறம் மல்கியாவுக்கும் மத்தேயுவுக்கும் நடுவே ஒரு வெற்றுத்தாள் இருக்கும் பாருங்கள், அந்தத் தாள் ஏறக்குறைய 400 வருஷம். பெர்சியர் போய், கிரேக்கர் வந்து, கி.மு. 63-இல் ரோமர் எருசலேமைப் பிடித்தார்கள். பழைய ஏற்பாட்டில் தேடினாலும் கிடைக்காத பரிசேயர், சதுசேயர், ஊருக்கு ஊர் ஜெப ஆலயம் எல்லாம் மத்தேயுவில் திடீரென்று நிற்பது அதனால்தான். பிள்ளைகளுக்கு இந்த வரலாறு முழுக்க வேண்டாம். உங்களுக்கு வேண்டும்.

கேள்வி: கிறிஸ்துமஸ் பாடத்தில் 'மூன்று ஞானிகள்' என்றேன். ஒரு பையன் எழுந்து 'மூணு பேர்னு எந்த வசனத்துல இருக்கு?' என்றான். தேடினேன், இல்லை. அசடு வழிந்தேன். இது மாதிரி வேறு எவை இருக்கின்றன? (ஒன்பது வருஷமாகப் பாடம் எடுக்கும் ஆசிரியர்)

பதில்: அந்தப் பையனுக்கு ஒரு பரிசு கொடுங்கள் முதலில். மத்தேயு 2-இல் 'சாஸ்திரிகள்' என்று பன்மைதான் உண்டு, எண்ணிக்கை கிடையாது. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று, அதிலிருந்து ஆளும் மூன்றாகிவிட்டார்கள். அவர்கள் வந்தது மாட்டுத் தொழுவத்துக்கும் இல்லை. 11-ஆம் வசனம் 'வீடு' என்கிறது. மேய்ப்பர்கள் லூக்காவில், சாஸ்திரிகள் மத்தேயுவில். இரண்டையும் ஒரே மேடையில் நிறுத்தியது நம்முடைய நாடகங்கள்.

எனக்கும் இப்படி ஒன்று நடந்தது. நான் வகுப்பெடுத்த முதல் வருஷம், தமஸ்கு வழியில் சவுல் குதிரையிலிருந்து விழுந்ததை நடித்தே காட்டினேன், நாற்காலிதான் குதிரை. கடைசி வரிசையில் இருந்த ஒரு சிறுமி அப்போஸ்தலர் 9-ஐ விரல் வைத்து வாசித்துக்கொண்டே வந்து, 'குதிரை எங்க அங்கிள்?' என்றாள். குதிரை இல்லை. 'தரையிலே விழுந்தான்', அவ்வளவுதான். 22-ஆம் அதிகாரத்தில் பவுலே அந்தக் கதையைத் திரும்பச் சொல்கிறார், 26-இல் இன்னொரு முறை, அங்கேயும் குதிரை வரவில்லை. ஓவியர்கள் வரைந்த குதிரை என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இன்னொன்று, அந்த இடத்திலேயே சவுல் என்ற பெயர் பவுல் என்று மாறியதாகவும் சொல்வோம். அதுவும் அங்கே இல்லை. அப்போஸ்தலர் 13:9-இல்தான், அதுவும் போகிற போக்கில், 'பவுல் என்று சொல்லப்பட்ட சவுல்' என்று வரும். அவருக்கு இரண்டு பெயரும் இருந்தன.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஏதேனில் கனி உண்டு, ஆப்பிள் கிடையாது (பெயர் சொல்லி வரும் ஒரே மரம் அத்தி, அதுவும் இலைக்காக). யோனாவை விழுங்கியது 'ஒரு பெரிய மீன்'. நோவா எல்லாவற்றிலும் ஒரு ஜோடி மட்டும் ஏற்றவில்லை, சுத்தமான மிருகங்களில் ஏழு ஏழு (ஆதியாகமம் 7:2). சிம்சோனின் முடியைச் சிரைத்தது தெலீலாள் கூப்பிட்ட ஒரு ஆள். மகதலேனா மரியாளை விபசாரி என்று எந்தச் சுவிசேஷமும் சொல்லவில்லை, ஏழு பிசாசுகள் நீங்கியவள் என்றுதான் லூக்கா 8 சொல்கிறது. இந்தக் கடைசியை மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மீனைத் திமிங்கலம் என்றால் மீனுக்கு நஷ்டமில்லை. ஒரு பெண்ணைப் பற்றி இல்லாததைத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு ஒரே வழிதான். எவ்வளவு தெரிந்த கதையானாலும், சனிக்கிழமை இரவு அந்த அதிகாரத்தைத் திறந்து ஒரு முறை வாய்விட்டு வாசியுங்கள். தெரிந்த கதையில்தான் அதிகம் தப்பு வரும்.

கேள்வி: குழந்தைகளைக் கொன்ற ஏரோதும், யோவான் ஸ்நானனைக் கொன்ற ஏரோதும் ஒரே ஆள்தானே?

பதில்: இல்லை, அப்பாவும் மகனும். பெத்லகேம் குழந்தைகளைக் கொல்லச் சொன்னவன் பெரிய ஏரோது. யோவானின் தலையை வாங்கியவன் அவன் மகன் ஏரோது அந்திப்பா. பாடுகளின் நாளில் பிலாத்து இயேசுவை அனுப்பியதும் இவனிடம்தான். அப்போஸ்தலர் 12-இல் யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றவன் பெரிய ஏரோதின் பேரன் முதலாம் அகிரிப்பா. 26-இல் பவுல் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த அகிரிப்பா ராஜா அவனுடைய மகன். நான்கு தலைமுறையை ஒரே ஆளாக்கினால் அவன் நூறு வயதுக்கு மேல் வாழ்ந்திருக்க வேண்டும்.

பெரிய ஏரோது கி.மு. 4-இல் இறந்தான் என்பதுதான் பெரும்பாலான அறிஞர்களின் கணக்கு. 'அப்போ இயேசு கிறிஸ்துவுக்கு முன்பே பிறந்தாரா?' என்று யாராவது கேட்பார்கள். ஆண்டுக்கணக்கு போட்ட 6-ஆம் நூற்றாண்டுத் துறவி தியோனீசியு சில வருஷம் தவறவிட்டார், அவ்வளவுதான்.

யாக்கோபும் இதே மாதிரித் தொல்லைதான், தமிழில் கூடுதலாக. ஆங்கிலத்தில் ஈசாக்கின் மகனுக்கு ஜேக்கப், அப்போஸ்தலனுக்கு ஜேம்ஸ் என்று பிரித்துவிட்டார்கள். நம் வேதாகமத்தில் இருவரும் யாக்கோபுதான், கிரேக்கத்திலும் ஏறக்குறைய அப்படித்தான். செபெதேயுவின் மகன், அல்பேயுவின் மகன், கர்த்தருடைய சகோதரன் என்று புதிய ஏற்பாட்டிலேயே மூன்று முக்கியமான யாக்கோபு. நிருபம் எழுதியவர் மூன்றாமவர் என்பது பழைய மரபு. வகுப்பில் அப்பா பெயரோடு சேர்த்தே சொல்லிப் பழகுங்கள்.

கேள்வி: பிள்ளைகள் 'மூன்றாம் மணி வேளை' என்றால் மதியம் மூன்று மணி என்கிறார்கள். தாலந்து, பணம் இதெல்லாம் எவ்வளவு என்றும் கேட்கிறார்கள். சொல்லித்தான் ஆக வேண்டுமா, 'அந்தக் காலத்துக் காசு' என்றால் போதாதா?

பதில்: போதாது. அங்கேதான் கதையே இருக்கிறது.

மணி எளிது. பொழுது விடிவதிலிருந்து எண்ண வேண்டும், அதனால் ஆறைக் கூட்டிக்கொள்ளுங்கள். மூன்றாம் மணி காலை ஒன்பது, ஆறாம் மணி உச்சி வேளை, ஒன்பதாம் மணி பிற்பகல் மூன்று. பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு, 'இவர்கள் வெறிகொண்டவர்களல்ல, மூன்றாம் மணி வேளைதானே' என்பது காலை ஒன்பது மணிக்கே யார் குடிப்பார்கள் என்கிற வாதம். மதியம் மூன்று என்று நினைத்தால் அந்த வாதமே நிற்காது. திராட்சத்தோட்டத்தில் பதினோராம் மணி வேளையில் வந்தவர்கள் மாலை ஐந்துக்கு வந்து ஆறுக்குக் கூலி வாங்கினவர்கள். காலையிலிருந்து வெயிலில் நின்றவன் முணுமுணுத்ததில் ஆச்சரியம் என்ன?

இப்போது பணம். திராட்சத்தோட்டத்துக் கூலியான அந்த ஒரு 'பணம்' என்பது ரோமருடைய தெனாரி என்ற வெள்ளிக்காசு, ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். தாலந்து என்பது ஏறக்குறைய 6,000 தெனாரி. இதைக் கையில் வைத்துக்கொண்டு மத்தேயு 18-க்கு வாருங்கள். ஒரு வேலைக்காரன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். 10,000-ஐ 6,000-ஆல் பெருக்கினால் 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்தாலும் 2 லட்சம் வருஷம் உழைக்க வேண்டும், ஒரு காசு செலவழிக்காமல். அவன் காலில் விழுந்து என்ன சொல்கிறான்? 'என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்.' இதை எந்த வகுப்பில் சொன்னாலும் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள், சிரிக்கத்தான் வேண்டும். அவன் வெளியே வந்து இன்னொருவனின் தொண்டையைப் பிடிக்கிறானே, அந்தக் கடன் நூறு வெள்ளிப்பணம், நூறு நாள் கூலி. சின்னத் தொகை இல்லை, நாலு மாதச் சம்பளம் என்று வையுங்கள், ஆனால் கொடுத்துத் தீர்க்க முடிகிற கடன். அவனும் அதே வார்த்தையைத்தான் சொல்கிறான், பொறுமையாயிரும், தீர்க்கிறேன் என்று. இவன் சொன்னால் அது நடக்கிற காரியம்.

கரும்பலகையில் இந்தப் பெருக்கலைப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். 'மன்னிக்க வேண்டும் பிள்ளைகளே' என்று நீங்கள் பத்து நிமிஷம் பேசுவதை அந்தச் சுழியங்கள் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: ஆங்கிலத்தில் நோவாவின் 'ஆர்க்', உடன்படிக்கையின் 'ஆர்க்' இரண்டும் ஒரே சொல். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

பதில்: அந்த இரண்டுக்கும் இல்லை. எபிரெயுவில் நோவாவினது 'தேபா', உடன்படிக்கைப் பெட்டி 'அரோன்', வேறு வேறு சொற்கள். தமிழில் பேழை, பெட்டி என்று பிரித்திருப்பது சரிதான்.

ஆனால் தமிழ், ஆங்கிலம் இரண்டிலுமே தெரியாத ஒரு சம்பந்தம் உண்டு. யாத்திராகமம் 2-இல் குழந்தை மோசேயை அவன் தாய் ஒரு நாணற்பெட்டியில் வைத்து நதியோரம் விடுகிறாள் அல்லவா, அந்தப் பெட்டிக்கு எபிரெயுவில் 'தேபா' என்றுதான் இருக்கிறது. பழைய ஏற்பாட்டில் அந்தச் சொல் இந்த இரண்டு கதையிலும்தான் வருகிறது. நோவா கீல் பூசினான், இவள் பிசினும் கீலும் பூசினாள். ஒன்று முன்னூறு முழ நீளம், மற்றது மூன்று மாதக் குழந்தை கொள்ளும் அளவு. இரண்டுக்கும் சுக்கான் கிடையாது, துடுப்பு கிடையாது. இதற்கு மேல் விளக்கம் சொல்லாதீர்கள், இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு உட்காருங்கள்.

கேள்வி: வேதத்தில் மொத்தம் எத்தனை அதிகாரம்? வினாடி வினாவுக்கு.

பதில்: 1,189. பழையதில் 929, புதியதில் 260.

அதிகாரம் பிரித்தது 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்ற ஆங்கிலேயப் பேராயர் என்பார்கள். புதிய ஏற்பாட்டில் இன்றைக்கு நாம் பார்க்கும் வசன எண் 1551-இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகக்காரர் போட்டது. ஆக, பவுல் எழுதும்போது பிலிப்பியர் 4:13 என்ற எண் கிடையாது. 'எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு' என்ற மனப்பாட வசனத்தைப் பரீட்சைத் தாளில் எழுதுகிற பிள்ளைகளுக்கு முந்தின வசனத்தையும் காட்டுங்கள். அங்கே பட்டினியாயிருக்கவும் தெரியும், குறைவுபடவும் தெரியும் என்கிறார், எழுதுவது கட்டப்பட்ட நிலையில். எரேமியா 29:11-ம் அப்படியே. 'சமாதானத்துக்கேதுவான நினைவுகள்' என்பதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் காத்திருக்கச் சொல்லியிருக்கிறது. கேட்டவர்களில் பலர் அதைப் பார்க்க உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: கத்தோலிக்கத் தோழியின் வேதாகமத்தில் 73 புத்தகம் என்று என் வகுப்புச் சிறுமி சொல்கிறாள். 'அது தப்பு' என்று சொல்லிவிடலாமா?

பதில்: வேண்டாம். புதிய ஏற்பாட்டின் 27 இருவருக்கும் ஒன்றே. தோபித்து, யூதித்து, மக்கபேயர் போன்ற 7 புத்தகங்கள் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்த் வழியாக வந்தவை, எபிரெய வேதத்தில் இல்லாதவை. லூத்தர் 1534-இல் அவற்றைத் தனியே பிரித்து, வாசிக்க நல்லவை என்று குறிப்போடு வைத்தார். கத்தோலிக்கத் திருச்சபை 1546-இல் திரெந்து சங்கத்தில் வேதமே என்று உறுதிசெய்தது. உங்கள் சபை எதை ஏற்கிறது என்று சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள், அது போதும். இன்னொன்று, யோவான் 10:22-இல் இயேசு எருசலேமில் இருந்தபோது வருகிற 'பிரதிஷ்டைப் பண்டிகை' எங்கிருந்து வந்தது என்று 66-க்குள் தேடினால் கிடைக்காது. மக்கபேயரில்தான் இருக்கிறது.

கேள்வி: எரிகோ குருடன் கதையில் மாற்கு ஒருவன் என்கிறார், மத்தேயு இரண்டு பேர் என்கிறார். பதின்ம வயதுப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். என்ன சொல்ல?

பதில்: லூக்காவையும் சேர்த்துக் கொடுங்கள். மற்ற இருவரும் எரிகோவை விட்டுப் புறப்படும்போது என்கிறார்கள், லூக்கா ஊருக்குச் சமீபமாய் வரும்போது என்கிறார். பழைய எரிகோ, புது எரிகோ என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. இரண்டு பேரில் பர்திமேயு மட்டும் பின்னால் சபைக்குத் தெரிந்தவனாக இருந்ததால் மாற்கு அவனை மட்டும் பெயர் சொல்கிறார் என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவது கொஞ்சம் பொருந்துகிறது, முதலாவது இழுத்துக் கட்டுகிற மாதிரி இருக்கிறது. நிரூபிக்கவா என்றால் முடியாது, அதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு நாம் மழுப்புவது உடனே தெரியும். மூன்று பகுதியையும் மூன்று பத்தியாக எழுதவைத்து, எது எதில் ஒத்துப்போகிறது என்று கோடு போடச் சொல்லுங்கள்: 'தாவீதின் குமாரனே' என்ற கூப்பாடும், சும்மாயிரு என்று கூட்டம் அதட்டியதும், இன்னும் அதிகமாய்க் கூப்பிட்டதும் மூன்றிலும் இருக்கும்.

கேள்வி: மத்தேயு முதல் அதிகாரத்தை எப்படி நடத்துவது? பெயர்ப் பட்டியல், பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

பதில்: வாசிக்க வேண்டாம், தேடச் சொல்லுங்கள். 'இதில் எத்தனை அம்மாக்கள் இருக்கிறார்கள்?' என்று கேளுங்கள். தாமார், ராகாப், ரூத், மரியாள் என்று நான்கு பெயர் வரும். அப்புறம் ஒரு பிள்ளை, பெரும்பாலும் அமைதியாக இருக்கிற பிள்ளை, ஐந்தாவதாக ஒருத்தி இருக்கிறாள், பெயர்தான் இல்லை என்று கண்டுபிடிக்கும். 'உரியாவின் மனைவியாயிருந்தவள்' என்றுதான் மத்தேயு எழுதியிருக்கிறார், பத்சேபாள் என்று எழுதவில்லை. சின்ன வகுப்பென்றால் ராகாபோடும் ரூத்தோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். பெரிய பிள்ளைகளானால், செத்துப்போன அந்தக் கணவனின் பெயரை ராஜாவின் வம்சப் பட்டியலுக்குள் மத்தேயு ஏன் கொண்டுவந்தார் என்று கேட்டுவிட்டு 2 சாமுவேல் 11-ஐத் திறக்கச் சொல்லுங்கள்.